கிழக்கேகோட்டை: பயணத்துக்கு ஏற்ற பருவம்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு நடைக்கு நேரே நிற்கும் பழைய கோட்டை வாசலும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்ததே கிழக்கேகோட்டை. நகரப் பேருந்து நிலையம், பழவங்காடி கணபதி கோயில், சாலை கடைத்தெரு, குதிரைமாளிகை யாவும் நடந்து போகும் தொலைவில் உள்ளன. இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஜனவரியில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி செல்சியஸ்; ஏப்ரலிலும் அதைவிட ஓரிரு டிகிரிதான் கூடும். இரவில்தான் வேறுபாடு தெரியும்: ஜனவரியில் 22, 23 வரை இறங்குவது, ஏப்ரலில் 25-க்குக் கீழே போவது அரிது. ஆகவே வெயில் குறைந்த மாதத்தைத் தேடுவதில் பயனில்லை. மழை, புழுக்கம், கூட்டம் ஆகிய மூன்றையும் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.

மழை இரண்டு தடவை வரும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1; ஊரார் இதை இடவப்பாதி என்பார்கள். அக்டோபர், நவம்பரில் வருவது துலாவர்ஷம். காலையில் வெயில் அடிக்கும், மாலையில் இடியோடு கொட்டும். காலையிலேயே சுற்றி முடிப்பவருக்கு இது பெரிய தடையல்ல. ஆனால் கிழக்கேகோட்டையும் தம்பானூரும் பள்ளமான பகுதிகள். ஒரு மணி நேரப் பெருமழைக்கே தெருவில் தண்ணீர் கட்டிவிடும். வடிகால்களைத் திறந்துவிட 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டியதாயிற்று.

இந்நகரின் வானிலையைக் கருவி வைத்துக் கவனிக்கும் பழக்கம் பழையது. சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் இங்கு வானாய்வு நிலையம் அமைத்தார். குதிரைமாளிகையைக் கட்டியவரும் அவரே. அதன் இறவாரத்தைத் தாங்குவதுபோல் வரிசையாக நிற்கும் மரக்குதிரைகள் 122. ஜனவரி முற்பகுதியில் அந்த மாளிகையில் நடக்கும் சுவாதி சங்கீதோற்சவம் அவருடைய கீர்த்தனைகளுக்கென்றே உள்ளது. சங்கீதப் பிரியருக்கு இதைவிட நல்ல வாரம் அமையாது.

மார்ச், ஏப்ரல் புழுங்கும். ஆனாலும் கோயிலின் பங்குனி உற்சவம் அப்போதுதான். பஞ்சபாண்டவரின் மிகப் பெரிய உருவங்களைக் கிழக்கு நடையில் நிறுத்துகிறார்கள்; மழைக்கு அதிபதியான இந்திரனை மகிழ்விக்க என்பது நம்பிக்கை. கோடை உச்சத்தில் இந்த வேண்டுதல் பொருத்தம்தான். இந்த உற்சவத்தின் ஆறாட்டுக்கும் (சுவாமியை நீராட்டும் சடங்கு) ஐப்பசி உற்சவத்தின் ஆறாட்டுக்கும் ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்தச் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். விமானத்தில் வருபவர் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாட்களை ஒட்டி, மேகம் மறைக்காவிட்டால், ஏழுநிலைக் கோபுரத்தின் சாளரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக மறையும் சூரியன் தெரியும்.

கும்ப மாதத்துப் (பிப்ரவரி-மார்ச்) பூர நாளில் ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்காலை. அன்று கிழக்கேகோட்டைத் தெருக்களிலும் செங்கல் அடுப்பு வரிசைதான். வண்டி நகராது, புகையில் கண் எரியும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு உள்ளது. பொங்காலை இட வருபவர் தவிர மற்றவர் அந்த நாளைத் தவிர்ப்பதே உசிதம்.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை வானம் மெல்லத் தெளிந்தாலும், சபரிமலைக்கு மாலையிட்டவர்கள் இங்கும் வருவதால் தரிசன வரிசை நீளும். அவர்கள் திரும்பிய பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து பொங்காலைக்கு முந்தைய வாரம் வரை உள்ள நாட்களே எல்லா வகையிலும் சிறந்தவை: மழை மிகக் குறைவு, இரவு இதமானது, கூட்டம் தாங்கக்கூடியது. பொங்காலைத் தேதி ஆண்டுதோறும் மாறுவதால் அதைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுக்கவும். எந்த மாதமானாலும் நண்பகலில் கோயில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். ஆண்கள் சட்டையின்றி வேட்டியிலும், பெண்கள் சேலை போன்ற மரபு உடையிலும்தான் உள்ளே போக முடியும்.