தோள்குழியின் அகலம்: யாருடைய அளவோடு ஒப்பிடுவது?

தோள்மூட்டின் எலும்பு அளவுகளைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் சராசரியை முன்வைக்கின்றன. அறுவை மருத்துவருக்குத் தேவைப்படுவதோ அவர்முன் படுத்திருக்கும் ஒருவரின் எலும்பு பற்றிய செய்தி. சி.டி. படத்தில் அளக்கும் தோள்குழியை அந்த நோயாளியின் மறுபக்கத் தோள்குழியோடுதான் ஒப்பிட வேண்டும். அறிக்கையில் விழுக்காட்டுக்கு முன்னால் மில்லிமீட்டர் வர வேண்டும். இவ்விரண்டுமே இக்கட்டுரையின் வாதம்.

கிளீவ்லாந்தின் ஹாமன்–டாட் எலும்புத் தொகுப்பிலுள்ள 344 தோள்பட்டை எலும்புகளைச் சர்ச்சிலும் உடன் ஆய்வாளர்களும் அளந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்களின் தோள்குழி சராசரியாக 37.5 மி.மீ. உயரம், 27.8 மி.மீ. அகலம், பெண்களுடையது 32.6 மி.மீ. உயரம், 23.6 மி.மீ. அகலம். குழி பின்னோக்கித் திரும்பியிருக்கும் கோணத்தின் சராசரி ஏறத்தாழ 1.2 பாகை. ஆனால் தனி எலும்புகள் முன்னோக்கி 9.5 பாகையிலிருந்து பின்னோக்கி 10.5 பாகை வரை பரவியிருந்தன. மேற்கை எலும்பில் பரவல் இன்னும் பெரிது. பொய்லோவும் வால்ஷும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், எலும்புத் தலையின் பின்திருப்பம் 17.9 பாகையைச் சராசரியாகக் கொண்டு, பூச்சியத்துக்குக் கீழே 6.7 முதல் 47.5 பாகை வரை விரிந்தது. இத்தகைய பரவலில் சராசரியை இயல்பு நிலை என்று கொள்வது தவறு.

அமெரிக்க எலும்புத் தொகுப்பொன்றின் எண்களை நம் நோயாளிகளின் அளவுகோலாக்குவதில் உள்ள சிக்கல் வெளிப்படை. ஆனால் நமக்கென ஒரு சராசரியைக் கண்டடைந்தாலும் சிக்கல் முழுதாகத் தீராது. செயற்கை மூட்டின் அளவுகளை வடிவமைக்க அந்தச் சராசரி கட்டாயம் உதவும். எடுத்துக்காட்டாக, தலைகீழ் தோள்மூட்டு மாற்றில் 25 மி.மீ. விட்டமுள்ள அடித்தட்டு 23 மி.மீ. அகலக் குழியில் விளிம்பைத் தாண்டி நிற்கும். ஒருவர் எவ்வளவு எலும்பை இழந்திருக்கிறார் என்பதை மட்டும் சராசரி சொல்லாது.

அடிக்கடி தோள் நழுவுபவர்களிடம் குழியின் முன்விளிம்பு தேய்கிறது. குழியின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ வட்டமாக இருப்பதால், படத்தில் ஒரு வட்டம் வரைந்து இழப்பைக் கணிக்கிறார்கள். இழப்பு 20 விழுக்காட்டை ஒட்டினால் எலும்பு ஒட்டு வைப்பதைப் பலர் பரிசீலிக்கிறார்கள். இழப்பு 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் விட்டம் 24 மி.மீ. என்றால் அது 20.8 விழுக்காடு, 28 மி.மீ. என்றால் 17.9 விழுக்காடு. வட்டத்தின் அளவை ஊகித்தவர் நோயாளியை எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடுகிறார். இதைவிடக் கவலைக்குரியது, விட்டத்துக்குப் பதிலாகப் பரப்பளவைக் கொண்டு கணக்கிடும்போது நேர்வது: 24 மி.மீ. வட்டத்தில் அதே 5 மி.மீ. இழப்பு 15 விழுக்காடாகச் சுருங்குகிறது. எலும்பு மாறவில்லை, முடிவு மாறுகிறது. எந்த முறை என்று குறிப்பிடாத விழுக்காடு மருத்துவச் செய்தியாகாது என்பது என் உறுதியான கருத்து.

சி.டி. படுக்கையில் தோள்பட்டை எலும்பு சாய்ந்திருக்கும் விதமும் அளவைக் கலைக்கிறது. குழியின் திருப்பத்தை அளக்க ஃபிரீட்மன் 1992இல் முன்வைத்த கோணமுறை ஒரு குறுக்குவெட்டுப் படத்தை நம்பியது. எலும்பு சாய்ந்தால் அந்த வெட்டும் வேறிடத்தில் விழும். முப்பரிமாண மீட்டுருவாக்கத்தில் தோள்பட்டை எலும்பின் சொந்தத் தளத்தையே ஆதாரமாகக் கொண்டால் இப்பிழை வெகுவாகக் குறையும்.

மறுபக்க ஒப்பீட்டுக்கும் எல்லைகள் உண்டு. இரு தோள்களும் நழுவியவரிடம் அது பயன்படாது. பந்தை வீசியெறியும் விளையாட்டு வீரர்களின் எறியும் கையில் மேற்கை எலும்பின் பின்திருப்பம் மறுகையைவிடக் கூடுதலாக இருப்பதால், பின்திருப்பத்தை அளக்க மறுபக்கத்தை நம்ப முடியாது. இரு தோள்களையும் படமெடுக்கையில் கதிர்வீச்சும் சற்றுக் கூடும். ஆனால் ஒரு பக்கத் தோள் மட்டும் நழுவும் நோயாளியின் குழி அகலத்துக்கு, அவருடைய மறுதோளைவிட நெருங்கிய அளவுகோல் கிடையாது.

எனவே கதிர்ப்பட மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இரு குழிகளின் அகலத்தையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள், விழுக்காடு தருவதானால் அது விட்டத்திலா பரப்பிலா என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.