மாணவர் முன்னேற்ற அறிக்கை (கொல்லிமலை)

மாணவர் முன்னேற்ற அறிக்கை என்பது ஒரு மாணவரின் தேர்வு மதிப்பெண், கற்றல் நிலை, வருகை, நடத்தை ஆகியவற்றைப் பள்ளி பெற்றோருக்குத் தெரிவிக்கும் ஆவணம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இது பெரும்பாலும் மடிக்கக்கூடிய ஓர் அட்டை. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மாணவர் கையில் வீட்டுக்குப் போய், பெற்றோர் கையொப்பத்துடன் பள்ளிக்குத் திரும்பும்.

பெற்றோர் எழுத்தறிந்தவர், அழைத்தால் பள்ளிக்கு வரக்கூடியவர், மாலையில் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் என்ற மூன்று எதிர்பார்ப்புகள் இந்த அட்டையில் அடங்கியுள்ளன. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் இந்த மூன்றையும் எல்லாக் குடும்பங்களிடமும் எதிர்பார்க்க முடியாது. அதனால் அறிக்கை முறையின் வலிமையையும் குறையையும் சேர்த்துப் பார்க்க ஏற்ற இடமாக இம்மலை அமைகிறது.

பெயரும் வடிவமும்

பாடநூல் தமிழில் ‘முன்னேற்ற அறிக்கை’, ‘தேர்ச்சி அட்டை’ என்றும், பேச்சுவழக்கில் ‘ரேங்க் கார்டு’, ‘புரோகிரஸ் கார்டு’ என்றும் இது அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழர் ‘தேர்ச்சி அறிக்கை’ என்பர். அங்கு ஆண்டின் மூன்று தவணைப் பரீட்சைகளை ஒட்டி அது வழங்கப்படுகிறது.

தமிழ்நாட்டு அட்டையின் பழைய அமைப்பில் பாடங்கள் ஒரு பக்கமும் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் மறுபக்கமுமாகக் கட்டங்கள் இருக்கும். கீழே மொத்தம், சராசரி, வகுப்பில் இடம், பள்ளி வேலை நாட்கள், வருகை நாட்கள் ஆகியவை வரும். அதற்கும் கீழே வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் அல்லது பாதுகாவலர் என மூவர் கையொப்பத்துக்கு இடம் விடப்பட்டிருக்கும். தேர்ச்சிக்கு உரிய 35க்குக் கீழே இறங்கிய மதிப்பெண்ணைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுவது வழக்கம். எழுத்து தெரியாத பெற்றோரும் அந்தச் சிவப்பைப் புரிந்துகொண்டனர்.

அட்டை வீட்டுக்குப் போகும் நகல் மட்டுமே. பள்ளியிடம் ஒவ்வொரு மாணவருக்கும் ‘திரள் பதிவேடு’ ஒன்று தனியே உண்டு. சேர்க்கை முதல் வெளியேறும் வரை ஆண்டுவாரியான விவரங்கள் அதில் சேர்ந்துகொண்டே வரும்.

வரலாறு

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எழுத்து வடிவிலான அறிக்கை இல்லை. பிள்ளை என்ன கற்றான் என்பதைப் பெற்றோர் காதால் கேட்டே அறிந்தனர். நவராத்திரி நாட்களில் ஆசிரியர் மாணவர்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பாட வைக்கும் ‘மானம்பூ’ வழக்கத்தில் பிள்ளைகளின் பயிற்சி ஊர் முன்னே வெளிப்பட்டது. அன்று கிடைத்த அன்பளிப்பு ஆசிரியரின் வருவாயில் ஒரு பகுதி.

பிரிட்டிஷ் ஆட்சியில் அரசு மானியம், ஆய்வாளர் வருகை, வகுப்புவாரித் தேர்வு ஆகியவை நிலைபெற்றபோது பதிவேடுகளும் பெருகின. அவை முதலில் அரசுக்குக் கணக்குக் காட்டவே எழுதப்பட்டன. பெற்றோருக்கு என்று தனி அட்டை பரவலானது அதன் பிறகே.

கொல்லிமலையில் தொடக்கக் காலப் பள்ளிகள் சில கிறித்தவ ஊழியத்தோடு வந்தவை. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இணையர் 1910களில் மலையேறி மருத்துவமும் பள்ளியும் நடத்தினர். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட் 1914இல் பிறந்து இம்மலையில் வளர்ந்த அவர்களின் மகன். விடுதலைக்குப் பின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இங்கு கல்வியின் முதன்மை அமைப்புகளாயின.

சட்ட அடிப்படை

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) பெற்றோருக்குத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமையாக்கியது. அதன் 24ஆம் பிரிவின்படி ஆசிரியர் பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்த வேண்டும். பிள்ளையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம், பிற தேவையான விவரங்கள் ஆகியவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 29ஆம் பிரிவு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைக் கோருகிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை பொதுத்தேர்வு கூடாது என்கிறது 30ஆம் பிரிவு.

21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்துகிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.

மதிப்பெண்ணிலிருந்து நிலைக்கு

தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகளில் அறிக்கையின் உள்ளடக்கம் இருபது ஆண்டுகளில் மூன்று முறை பெரிதும் மாறியது.

முதல் மாற்றம் செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முன்முயற்சியில் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08இல் இது மாநிலம் முழுவதும் பரவியது. பாடம் ‘கற்றல் ஏணி’யில் படிகளாக வைக்கப்பட்டது. குழந்தை தன் வேகத்தில் ஒவ்வொரு அட்டையாக முடித்து மேலே ஏறும். எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பது வகுப்புச் சுவரில் தொங்கும் அடைவு அட்டவணையிலேயே தெரியும். ‘எத்தனை மதிப்பெண்’ என்று கேட்டுப் பழகிய பெற்றோருக்கு ‘எத்தனையாவது படி’ என்ற விடை புதிதாக இருந்தது.

இரண்டாம் மாற்றம் 2012-13இல் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை வந்த முப்பருவ முறை. அடுத்த ஆண்டு 9ஆம் வகுப்புக்கும் நீட்டிக்கப்பட்டு, பின்னர் அவ்வகுப்புக்குக் கைவிடப்பட்டது. இதில் ஒவ்வொரு பருவத்துக்கும் 100 மதிப்பெண். அதில் வளரறி மதிப்பீடு 40, தொகுத்தறி மதிப்பீடு 60. வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. அட்டையில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரநிலை எழுத்துகள் வந்தன. வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, விழுமியங்கள், உடல்நலம் ஆகியவற்றுக்கும் தனிக் கட்டங்கள் இடம்பெற்றன.

மூன்றாம் மாற்றம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022 ஜூன் 13 அன்று 1 முதல் 3ஆம் வகுப்பு வரை இது தொடங்கியது. அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைக்கப்படுகின்றனர். மூன்றாம் வகுப்புக் குழந்தை எழுத்துகளை அடையாளம் காணும் கட்டத்திலேயே இருந்தால் அது ‘அரும்பு’. தேர்ச்சி, தோல்வி என்ற சொற்கள் இங்கு இல்லை. மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் வளர்க்கும் குடும்பத்துக்கு இந்தச் சொற்கள் எண்களைவிட எளிதில் விளங்கும். ஆனால் பிள்ளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை ‘அரும்பு’ என்ற இனிய சொல் மறைத்துவிடவும் கூடும். வகுப்பையும் நிலையையும் சேர்த்துச் சொன்னால்தான் பொருள் முழுமையாகும்.

கொல்லிமலைச் சூழல்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமேல் 14 ஊராட்சிகள் உள்ளன. வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என இவை ‘நாடு’ என்றே பெயர் பெறும். ஒவ்வொரு நாட்டிலும் பட்டி எனப்படும் சிற்றூர்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. செம்மேடு நிர்வாக மையம். சோளக்காடு சந்தைக்குப் பெயர் பெற்றது. மக்களில் மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் எப்படி இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழே. ஆகவே வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்று பல பழங்குடிப் பகுதிகளில் இருக்கும் சிக்கல் இங்கு இல்லை. இங்குள்ள இடைவெளி பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலானது.

அந்த இடைவெளி அட்டையில் நேரடியாகத் தெரியும். ‘தொகுத்தறி மதிப்பீடு’, ‘கல்வி இணைச் செயல்பாடுகள்’ போன்ற சொற்கள் படித்தவருக்கே கடினம். பள்ளிக்குப் போகாத பெற்றோருக்கு அட்டையைப் படித்துக் காட்டுபவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளையே. யாரைப் பற்றிய அறிக்கையோ அவரே அதன் ஒரே வாசகராகவும் விளக்குநராகவும் ஆகிவிடுகிறார். கையொப்பக் கட்டத்தில் பெருவிரல் ரேகை விழும். ரேகை அட்டை வீட்டுக்குப் போனதற்குச் சான்று. அதிலிருந்த செய்தி போய்ச் சேர்ந்ததற்குச் சான்று ஆகாது.

இரண்டாவது சிக்கல் காலம். அரையாண்டுத் தேர்வின் அட்டை கைக்கு வரும் தை மாதம் மிளகு பறிக்கும் பருவம். சாமை, கேழ்வரகு, மரவள்ளி, காப்பி என வேளாண் வேலைகள் மாறி மாறி வரும். கூலி வேலைக்காக மலையிறங்கி வாரக்கணக்கில் வெளியூரில் தங்கும் பெற்றோரும் உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்குப் பாட்டி தாத்தாவே பாதுகாவலர்.

மூன்றாவது சிக்கல் உறைவிடம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பழங்குடியினர் நலத்துறை நடத்துகிறது. தொலைவுப் பட்டிகளின் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பதால், நாள்தோறும் வீட்டுக்குப் போய்வரும் பிள்ளைக்கென்று வகுத்த அட்டை முறை இங்கு அப்படியே பொருந்தாது. பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வரும் நாளும், விடுமுறைக்கு அழைத்துச் செல்லும் நாளுமே செய்தி பரிமாறும் நாட்கள். அப்போது பெற்றோர் முதலில் கேட்பது உடம்பு, சாப்பாடு, காய்ச்சல் பற்றி. மதிப்பெண் அதற்குப் பிறகுதான். விடுதியில் தங்கும் பிள்ளையைப் பொறுத்தவரை இந்த வரிசை நியாயமானது. அச்சிட்ட அட்டையிலோ சாப்பாட்டுக்கும் காய்ச்சலுக்கும் கட்டம் கிடையாது.

கூட்டங்களும் மேலாண்மைக் குழுவும்

2022இல் தமிழ்நாடு அரசு ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பரப்புரையுடன் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களை மறுசீரமைத்தது. அவ்வாண்டு மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டங்கள் நடந்தன. அப்போது 20 பேர் கொண்ட குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருந்தனர்; தலைமைப் பொறுப்பு தாய் ஒருவருக்கு அளிக்கப்பட்டது.

குழுக் கூட்டமும் தனிப் பிள்ளையின் அறிக்கையும் ஒன்றல்ல. கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பணியிடம், இடைநிற்றல் ஆகியவை குழுவின் பொருள்கள். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பலர் முன் படிப்பது அப்பிள்ளையையும் பெற்றோரையும் தலைகுனிய வைக்கும். எனவே கூட்டத்துக்கு வந்த பெற்றோரைத் தனியே உட்கார வைத்து, பிள்ளையின் குறிப்பேட்டைத் திறந்து காட்டிப் பேசுவதே ஏற்ற வழி. ஜூன் மாத எழுத்தையும் டிசம்பர் மாத எழுத்தையும் அருகருகே வைத்தால் எழுத்தறியாத தாய்க்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் காதுக்கும் தெரியும்.

மின்னணுப் பதிவு

கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு (எமிஸ்) வந்தபின் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. வருகையும் மதிப்பீடும் செயலி வழியே பதிவாகின்றன. 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் பதிவு செய்த செல்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வருகின்றன. பள்ளி விட்டுப் பள்ளி மாறும் பிள்ளையின் விவரம் தொலையாமல் தொடர்வது இதன் பெரும் பயன்.

மலைப்பகுதியில் இதற்கு இரண்டு வரம்புகள். அலைவரிசை எல்லாப் பட்டிகளையும் ஒரே சீராக எட்டுவதில்லை. மேலும் பதிவாகும் தகவலில் பெரும்பகுதி மேல்நோக்கி, அதாவது துறைக்குச் செல்கிறது. பெற்றோரை நோக்கி வருவது சிறு பகுதியே.

அட்டையே சான்றான ஆண்டு

வழக்கமாகப் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலேயே நின்றுவிடும் இந்த அறிக்கை 2020இல் மாநில அளவில் முக்கியத்துவம் பெற்றது. கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அரசு ஜூன் 9 அன்று ரத்து செய்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கப்பட்டது. வீட்டில் கையெழுத்தாகித் திரும்பிய எண்களே சான்றிதழுக்கு அடிப்படையாயின. காலாண்டுத் தேர்வை ஒத்திகையாக மட்டும் கருதியவர்களுக்கு அது எதிர்பாராத திருப்பம்.

தர வரிசை பற்றிய விவாதம்

‘ரேங்க் கார்டு’ என்ற பெயரே வகுப்பில் பிள்ளையின் இடத்தை முதன்மைப்படுத்துகிறது. 40 பேரில் ஒருவர் முதலிடம் பெற, மற்ற 39 பேரும் அவருக்குப் பின்னால் வரிசைப்படுத்தப்படுவர். சென்ற முறையைவிட ஒரு பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்பதை இடம் சொல்லாது. 2017 மே மாதம் பிளஸ் டூ முடிவுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டது. தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் 2019 முதல் பள்ளி அறிக்கை ஏடுகளில் வகுப்பு இடம் குறிப்பிடப்படுவதில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 முன்மொழிந்த ‘முழுமை முன்னேற்ற அட்டை’யில் ஆசிரியர் கருத்துடன் மாணவரின் தன்மதிப்பீடு, சக மாணவர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து ஆகியவையும் இடம்பெறுகின்றன. பழைய அட்டையில் பெற்றோர் நிரப்ப இருந்த கட்டம் கையொப்பம் ஒன்றே.

மதிப்பீடு

கொல்லிமலை போன்ற இடங்களில் அட்டையைக் கைவிட வேண்டியதில்லை. இடம் மாறும் குடும்பத்துக்கு அது கையிலிருக்கும் ஒரே ஆவணமாகலாம்; மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். ஆனால் அட்டை கையெழுத்தாகித் திரும்புவதோடு தெரிவித்தல் முடிந்ததாகக் கொள்ள முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் அட்டை என்ற சொல்லும் இல்லை, கையொப்பம் என்ற சொல்லும் இல்லை. பெற்றோரைச் சந்தித்து எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே அதிலுள்ள கடமை.