ஆற்றங்கரையில் ஒரு வரலாற்றுப் பாடம்

வயிற்றில் அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பிய சில நாட்களில், மலாக்கா ஆற்றங்கரை நடைபாதையில் மெல்லக் கால் வைத்தேன். நாள்தோறும் நடக்க வேண்டும், ஆனால் விரைதல் ஆகாது என்பது மருத்துவர் இட்ட கட்டளை. அறுவைக்குப் பின் நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே முன்னாளைய வழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி அவ்வழக்கம் மாறலாயிற்று. விரைவில் எழுந்து நடப்போர் விரைவில் தேறுவர் என மருத்துவ உலகம் கண்டுகொண்டது.

பத்தடிக்கு ஒருமுறை நின்று நடந்த எனக்கு, வரலாறும் நின்று நிதானமாகக் காட்சி தந்தது. முப்பது ஆண்டுகளாக மலாக்காவை நான் ஆண்டுக் கணக்காகவே கற்பித்து வந்தேன். 1400ஐ ஒட்டிப் பரமேசுவரன், 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், 1824இல் ஆங்கிலேயர். மாணவர்கள் ஒப்புவித்தனர், தேர்ச்சியும் பெற்றனர். அவ்வெண்களுக்கு இடையே மனிதர் வாழ்ந்தனர் என்பதை நான் உணர்த்தினேனா?

முதல் வாரம் என் எல்லை, ஆற்று முகத்தை அடுத்த பாலம். சுல்தான்கள் காலத்திலும் இப்பகுதியில் ஒரு பாலம் இருந்தது. ஒருபுறம் அரண்மனையும் மசூதியும். மறுபுறம் வணிகர் குடியிருப்பு. பாலத்தைக் கைப்பற்றினால் நகரம் இரண்டாகும் என்பதை அறிந்த அல்புகர்க், 1511இல் தம் தாக்குதலை அதன்மீதே செலுத்தினார். ஓர் அரசு வீழ்ந்த இடத்தில், கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி இளைப்பாறினேன்.

அவ்வணிகருள் நம்மவரும் இருந்தனர். மலாக்காவில் வணிகரை மேற்பார்க்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர் என்பது தோமே பிரெஸ் எழுதிய குறிப்பு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர் அவருள் ஒருவரது பொறுப்பில் அடங்கினர். போர்த்துகீசியர் 'நினா சாத்து' எனக் குறிப்பிடும் இந்து வணிகர் அவருள் புகழ்பெற்றவர். 1509இல் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். நகரம் வீழ்ந்தபின் அல்புகர்க் அவரைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார். பின்னர் அப்பதவி பறிக்கப்படவே, 1514இல் அவர் தீப்புகுந்து மாண்டார் என்பது அக்காலப் போர்த்துகீசியர் எழுதிவைத்த செய்தி.

இவரை மாணவர்க்கு எவ்வாறு அறிமுகப்படுத்துவது? உயர்பதவி பெற்ற இந்து வணிகர் எனப் பெருமை பேசுவதா? அந்நியருக்குத் துணைநின்றவர் எனப் பழிப்பதா? இரண்டும் எளிது, இரண்டும் அரை உண்மை. கருணையும் வணிகக் கணக்கும் ஒரே நெஞ்சில் வாழ இயலும் என்பதே முழுப்பாடம்.

மூன்றாம் வாரம் துக்காங் எமாஸ் வீதி வரை நடந்தேன். டச்சுக்காரர் அளித்த நிலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயக மூர்த்தி ஆலயம் அங்குள்ளது. மலாக்கா செட்டி மக்களின் ஆலயம் அது. இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே வேரூன்றிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டுமொழி மலாயாயிற்று, உடையும் உணவும் மாறின, சைவ வழிபாடோ மாறவில்லை. மொழியை இழந்தவர் என அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆலயத்தைக் காக்க அவர்களுக்கு ஆலயமே துணைநின்றது. தமிழைக் காக்க அக்காலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி இருந்ததா? இவ்வினாவே என்னைத் தைத்தது. சமயம் தானே மொழியைக் காக்கும் என்று எண்ணியிருப்போர் இவ்வாலய வாயிலில் ஒரு நாழிகை நின்று சிந்திக்க வேண்டும்.

இப்பொழுது கம்போங் மோர்ட்டன் வரை களைப்பின்றி நடக்கிறேன். புண் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் உள்ளது. அதை நான் சட்டைக்குள் மறைக்கலாம். வரலாற்றின் தழும்புகளை மறைத்துப் பாடம் நடத்துதல் ஆசிரியர்க்கு அழகன்று. பணிக்குத் திரும்பியதும் மாணவரை இப்பாலத்திற்கு அழைத்துவர எண்ணியுள்ளேன். ஆண்டுகளை அவர்கள் பின்னர் மனப்பாடம் செய்துகொள்ளட்டும், முதலில் நடக்கட்டும்.