வ.உ.சி. செக்கிழுத்த ஆண்டில் கப்பலேறியவர்

கோவை வ.உ.சி. பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அப்பா சொல்வார்: "கண்ணு, நம்மூரு ஜெயில்லதான் அவரை மாட்டாட்டம் செக்குல பூட்டுனாங்க." அது 1908. அதே ஆண்டில் கப்பலேறிய இன்னொரு தமிழரைப் பற்றி வெகுநாள் கழித்தே படித்தேன்.

எம்.பி.டி. ஆச்சார்யா 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதியின் 'இந்தியா' பத்திரிகைக்குத் துணைநின்றவர். போலீஸ் நெருக்கவே ஐரோப்பா போனார். லண்டன், பெர்லின், மாஸ்கோ என்று அலைந்து லெனினைச் சந்தித்தார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர். கட்சியை உடன் உருவாக்கிய எம்.என். ராயோடு முரண்பட்டு விலகினார். 1922இல் பெர்லின் திரும்பியவர், அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதியானார்.

வெள்ளைக்காரன் நாற்காலியில் நம்மவன் உட்கார்ந்தால் மட்டும் உழைப்பவனுக்கு விடிந்துவிடாது என்பதே அவர் கருத்து.

1935இல் மும்பை திரும்பிய ஆச்சார்யா, மனைவியான ரஷ்ய ஓவியர் மக்தா நாக்மனை 1951இல் இழந்தார். 1954இல் வறுமையில் மறைந்தார். செக்கிழுத்தவருக்கு எங்கள் ஊரில் பூங்கா இருக்கிறது. ஆச்சார்யாவின் பெயரையும் நம் பிள்ளைகள் அறியவேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.