பிசுக்கு போன இடம்

எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பதில் பாதி வேலை கழுவுறதுதான். பிசுக்கு ஒட்டியிருந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அளவும் சரியாக வராது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாகத் தேய்த்த இந்த வேலையை இருபதாம் நூற்றாண்டில் சுலபமாக்கியது ட்ரைகுளோரோஎத்திலீன். 87 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் கரைப்பான் இது. குளிர்ந்த பாகத்தை அதன் ஆவிக்குள் இறக்கினால், ஆவி அதன்மேல் திரவமாகப் படிந்து பிசுக்கைக் கரைத்துக்கொண்டு வடியும். பாகம் சூடேறியதும் படிவது தானாக நின்றுவிடும். துடைக்கக்கூட வேண்டாம். பொறியியல் படித்த எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

சரி, கழுவிய திரவம் எங்கே போச்சு? அது தண்ணீரைவிடக் கனமானது. மண்ணில் கொட்டினால் நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும். அமெரிக்காவில் வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் அப்படித்தான் கிணறுகளுக்குள் போனது. 1982இல் அங்கே குழாய்நீரில் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் வரை இருந்தது. இன்றைய அமெரிக்க வரம்பு 5. சிப்பாய்களின் குடும்பங்கள் அந்தத் தண்ணீரில்தான் சமைச்சாங்க, குழந்தைகளைக் குளிப்பாட்டினாங்க.

2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணி என்று உறுதிசெய்தது. 1953 முதல் 1987 வரை அந்த முகாமில் இருந்தவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போடச் சட்டம் வந்தது 2022இல். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.