நன்னடத்தைக்கு ஆயுள் மூன்று மாதம்

வேலைக்கு வருகிறவன் முன்பு தண்டனை அடைந்தவனா என்று விசாரித்துக்கொள்வது எந்த நாட்டிலும் உள்ள வழக்கந்தான். ஆயினும் அவ்விசாரணையை ஒரு முறை செய்துவிட்டால் ஆயுள் முழுவதற்கும் போதுமா, அல்லது இத்தனை காலத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பிரான்ஸ் தேசம் இருநூறு ஆண்டுகளாகத் தடுமாறித் தடுமாறி விடை தேடி வந்திருக்கும் சரித்திரம் சுவாரசியமானது.

ஆதியில் அத்தேசத்தார் கண்ட விடை மிகக் கொடியது. 1810-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி, கடுங்காவல் வேலைக்கு விதிக்கப்பட்ட குற்றவாளிகள் பலருடைய வலது தோளில், ஜனங்கள் கூடிய சதுக்கத்தில் வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் எழுத்துப் பொறித்தார்கள். அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை, திருத்துவதற்கு மார்க்கமும் இல்லை. சட்டையைக் கழற்றினால் போதும். 1832-இல்தான் அவ்வழக்கம் ஒழிந்தது.

குற்றமே செய்யாத தொழிலாளிக்கோ வேறொரு பொறி இருந்தது. 1803-இல், நெப்போலியன் முதல் கான்ஸலாக இருந்த காலத்தில், ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்வோர் அனைவரும் 'லிவ்ரே' என்ற சிறு புத்தகம் ஒன்றை வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். வேலையில் சேரும்போது தொழிலாளி அதை முதலாளியிடம் ஒப்படைப்பான். விலகும்போது, கொண்ட கடமைகளை நிறைவேற்றினான் என்று முதலாளி எழுதித் திருப்பிக் கொடுப்பார். முன்பணம் பாக்கியிருந்தால் அதுவும் அதில் ஏறும், அடுத்த முதலாளி நாட்கூலியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிடித்துப் பழைய முதலாளிக்குச் செலுத்த வேண்டும். புத்தகம் இல்லாமல் ஊர்விட்டு ஊர் செல்பவன் நாடோடி என்று கருதப்பட்டுச் சிறைக்குப் போக நேரிடும். 1854-ஆம் ஆண்டுச் சட்டம், புத்தகத்தைத் தொழிலாளியே வைத்துக்கொள்ளலாம் என்றும், அதில் அவனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அபிப்பிராயம் எதுவும் எழுதக் கூடாது என்றும் விதித்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வரிசையாக இருக்கிற ஏட்டில், இடையே எட்டு மாதம் வெற்றிடமாகக் கிடந்தால், அது பேசாமலா இருக்கும்? 1890-இல் லிவ்ரே ரத்தாகும் வரையில் முதலாளிகள் எழுத்தைக் காட்டிலும் எழுதப்படாததையே கருத்தோடு வாசித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். சிறை மீண்டவனுடைய நிலை இதினும் பரிதாபம்; சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்த விக்டர் ஹ்யூகோவின் நாவலில், சிறை மீண்டவன் காட்ட வேண்டிய மஞ்சள் நிறப் பிரயாணச் சீட்டு கதாநாயகனை வாசல் வாசலாக விரட்டுவதை நம்மவர்கள் அறிவார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் வெர்சேல்ஸ் நகரத்து அரசாங்க வழக்கறிஞராக இருந்த போன்வீல் டி மார்சாஞ்சி என்பவர் 1848-இல் ஒரு யோசனையை வெளியிட்டார். அதுவரையில் நியாயஸ்தலங்கள் தாம் விதித்த தண்டனைகளைப் பேரேட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைநகருக்குப் பிரதி அனுப்பி வந்தன. அங்கே அவை மலைபோல் குவிந்தனவேயன்றி, வேண்டியபோது வேண்டியவனுடைய பெயரைத் தேடி எடுப்பது பெரும்பாடாக இருந்தது. மனிதன் ஊரை மாற்றுவான், தொழிலை மாற்றுவான், ஆனால் பிறந்த ஊரை மாற்ற முடியாது. ஆகவே எவன் எங்கே தண்டனை அடைந்தாலும் அதைப் பற்றிய சீட்டு அவன் பிறந்த இடத்து நியாயஸ்தலத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய வாதம். 1850 நவம்பரில் நீதி மந்திரி ரூயேர் அனுப்பிய சுற்றறிக்கையால் இந்த ஏற்பாடு நாடெங்கும் அமலுக்கு வந்தது. குமாஸ்தாவின் அறையில் சுவரோரமாக ஓர் அலமாரி. அதில் அகர வரிசைப்படி சிறு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சீட்டுகள். மார்சேயில் திருடியவனுடைய சீட்டு, அவன் பிறந்த பிரிட்டனி மாகாணத்துச் சிற்றூரைச் சேர்ந்த நியாயஸ்தலத்து அலமாரியில் போய் அமர்ந்துவிடும்.

பிறந்த ஊரை நம்பிய இந்த ஏற்பாட்டுக்குப் பிறப்புப் பதிவேடே ஆதாரம். 1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி ஆட்சி வீழ்ந்த நாட்களில், நகர மண்டபமும் நீதிமன்ற மாளிகையும் தீப்பற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியாக வைத்திருந்த 1860-க்கு முந்திய தலைநகர்ப் பதிவேடுகள் இரண்டுமே சாம்பலானபோது அவ்வாதாரம் எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பது தெரிந்தது.

ஆனாலும் போன்வீலின் அலமாரி ஒரு பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது. லிவ்ரே மனிதனோடு நடந்து சென்று அவனுடைய பழைய நாட்களையெல்லாம் ஒரே இடத்தில் சுமந்தது. அலமாரியிலிருந்து எடுத்துத் தரும் பிரதியோ, அது எழுதப்பட்ட தேதி வரையில் உள்ள நிலையை மட்டுமே கூறும், மறுநாள் நடப்பதற்கு அது ஜவாப்தாரி அல்ல. 1899-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது: நீதிபதிகளுக்கு முழுப் பிரதி, சர்க்கார் இலாகாக்களுக்குச் சுருக்கப் பிரதி, மூன்றாவதாக, பெரிய தண்டனைகளை மட்டும் காட்டும் பிரதி, அதுவும் சம்பந்தப்பட்டவன் கையிலேயே. சில காலம் ஒழுங்காக நடந்தவனுடைய பழைய தண்டனைகள் தாமாகவே மறையவும் அச்சட்டம் வழி செய்தது. மறப்பதற்கும் தவணை வைத்த அந்தச் சட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

1982 முதல் அலமாரிகளெல்லாம் நாந்த் நகரத்தில் ஒரே கணினிப் பதிவகமாகிவிட்டன. இன்றும் வேலைக்குக் கேட்கும் மூன்றாம் பிரதி மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அங்கே பரவலான வழக்கம். ஆனால் சேரும் நாளில் காட்டிய தாளை அதற்குப் பிறகு பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இருபது ஆண்டு உத்தியோகத்துக்கு மூன்று மாதத்துச் சான்று. இந்தக் குறை 2015-இல் வில்ஃபோன்தேன் என்ற ஊரில் பயங்கரமாக வெளிப்பட்டது. குழந்தைகளைப் பற்றிய ஆபாசப் படங்களை வைத்திருந்ததற்காக 2008-இல் தண்டனை பெற்ற ஒருவர் அங்கே பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். தண்டனைச் செய்தி கல்வி இலாகாவுக்கு எட்டவே இல்லை. மாணவர்களிடம் தகாத முறையில் நடந்ததாக அவர் கைதானபோதுதான் தேசம் விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இயற்றிய சட்டம், குழந்தைகளோடு பழகும் வேலையில் உள்ளவர் குறிப்பிட்ட சில குற்றங்களுக்காகத் தண்டனை அடைந்தால் அதை அரசாங்க வழக்கறிஞரே இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. தாள் கேட்டு வாங்குவதைக் காட்டிலும் செய்தி தானாக வந்து சேர்வது உத்தமம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; ஆனால் அதற்கும் யாரேனும் மறவாமல் கடிதம் எழுத வேண்டுமல்லவா? 2022 பிப்ரவரியில் வந்த இன்னொரு சட்டம், குழந்தைகள் பராமரிப்பு போன்ற துறைகளில் இருப்போரைச் சேர்க்குமுன் மட்டுமன்றி, வேலை பார்க்கும் காலத்திலும் 'ஒழுங்கான இடைவெளிகளில்' பரிசோதிக்க வேண்டும் என்று விதித்தது. எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்ற கணக்கைச் சட்டத்தின் வாசகத்தில் எழுதாமல் நிர்வாக உத்தரவுகளுக்கு விட்டுவிட்டார்கள்.