வாசலில் நின்றவருக்கு இல்லாத சட்டம்

சென்னையில் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுங்காலமாக யாரும் எழுதிவைக்காத விதி. எழுதிவைத்த விதியோ வேறு. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரண்டும் பல்லாண்டுகள் ஒரே ஊரில் சேர்ந்தே வாழ்ந்தன. வீட்டுக்காரரின் பேராசை என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. அந்தச் சட்டம் குடியேறிவிட்டவரைக் காத்தது. வீடு கேட்டு வாசலில் நின்றவரைக் கைவிட்டது. அட்வான்ஸ் வளர்ந்தது அந்த இடைவெளியில்தான்.

போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டில், 1941இல் ஓர் அரசாணையாகத் தொடங்கிய கட்டுப்பாடு 1946, 1949, 1960 என்று சட்டமாகத் தொடர்ந்தது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுவது போன்ற காரணங்கள் இருந்தால்தான் காலி செய்யச் சொல்லலாம். பாக்கி என்று காட்டுவதற்காகவே வாடகையை வாங்க மறுக்கும் வீட்டுக்காரரையும் சட்டம் கணக்கில் வைத்திருந்தது: வங்கிக் கணக்கைக் கேள், சொல்லாவிட்டால் மணியார்டர் அனுப்பு, அதுவும் திரும்பினால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டு. குடியிருப்பவர் மேல் இவ்வளவு அக்கறை. காலியான வீட்டை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பிரிவும் இருந்தது. ஆனால் அது அரசு அலுவலர்களுக்கும் அரசுத் தேவைகளுக்கும் வீடு ஒதுக்குவதற்காக. வேலை தேடி ஊருக்குப் புதிதாய் வந்தவருக்கு அதில் இடமில்லை.

நியாய வாடகை கட்டட, மனை மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம்தான், வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கும், பிறகு நாங்கள் எதை நம்பி வீடு கொடுப்பது என்பது வீட்டுக்காரர்களின் வாதம். அந்த அச்சம் உண்மையானது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர், எந்தப் பாக்கியும் வைக்காமல் அன்றுதான் வீடு கேட்டு வந்தவர். நீதிமன்றம் இருந்ததே என்றும் கேட்கலாம். வரம்புக்கு மேல் வாங்கிய அட்வான்ஸை வாடகையில் கழிக்க வேண்டும், அது கையில் இருக்கும்வரை குடியிருப்பவரைப் பாக்கிக்காரர் என்று சொல்ல முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அந்தத் தீர்ப்பும் உள்ளே போனவருக்குத்தான் உதவியது. அதை வாசலில் எடுத்துச் சொன்னவருக்கு யார் சாவி கொடுத்திருப்பார்கள்?

2019 பிப்ரவரியில் பழைய சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் நடப்புக்கு வந்தது. வாடகை இனி இருவர் பேசி முடிவு செய்வது. ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணத்துக்கு அது சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. உள்ளே இருப்பவரின் பழைய பாதுகாப்பு இதில் பெரிதும் கரைந்துவிட்டது. ஈடாகக் கிடைத்த இந்த மூன்று மாத அளவாவது நிற்க வேண்டுமானால், புகார் கொடுக்கும் சுமையை வீடு தேடுபவர் தலையில் வைக்கக் கூடாது. அட்வான்ஸ் வங்கி வழியாகக் கைமாறியதற்கான சான்றைப் பதிவின்போதே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.